ரெட்டும் ஃபாலோவும்

பெர்னாடெட் மேடம் பென்சிலைச் சீவிக்கொண்டார்.
பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம்,
செத்தவர்மேல் ஒரு சாய்கோடு.
முதலில் அக்காவின் வட்டத்தைக் கருப்பாக்கினார்:
ஹேமாவதி, முப்பத்தாறு, இடது மார்பு.
பிறகு அம்மாவைப் பார்த்து
உங்க வீட்டுப் பொம்பளைங்களச் சொல்லுங்க என்றார்.

அம்மா ஆறு பேரைச் சொன்னாள்.
எல்லாரும் உயிரோடு, எல்லாரும் வாயோடு.
ஒருத்தி எழுபத்தெட்டு வயதில்
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போதே
கத்திரிக்காய் பேரத்தை முடித்துவிடுகிறவள்.
ஆறு வட்டமும் வெள்ளையாகவே நின்றன.

நாலு வருஷமாக
எல்லாம் அம்மாக்காரி வழி வந்தது என்று
அம்மா காதுபடப் பேசியிருந்தார்கள் அப்பா வீட்டார்.
அவள் பந்திக்குப் போவதையே விட்டிருந்தாள்.

அப்பா கதவோரம் நின்றார்.
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில்
முப்பது வருஷம் பாளம் இழுத்த தோள்.
என்ன இன்னாத்துக்கும்மா கேக்குற, நான் ஆம்பள.
உங்க கூடப் பொறந்தவங்க?

ஆண்டாளு. வவுத்துல தண்ணி கோத்துக்கிச்சு.
முழுகாம கீறான்னு நெனச்சோம். நாப்பத்தியொண்ணு.
நாகபூஷணம். மாருல கட்டி. யாருக்கும் காட்டல.
ரவிக்கைக்குள்ள துணி வெச்சிக்கினு வேலைக்குப் போனா.
சின்னவ மங்காவரம்,
அவ எதுலன்னு தெர்ல.
எனக்கு அப்ப நைட் ஷிஃப்டு.

மங்காவரத்தின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
அப்பாவின் சதுரத்தை மேடம் கருப்பாக்கவில்லை,
நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்தார்.
இப்போதைக்குப் பென்சில். ரத்தம் சொன்னா பேனா.

எங்கள் தெருமுனை கிளப்பில்
பவுடர் தட்டிய போர்டில்
ரெட் உட்காரும் இடம் அது.

ஆறு வாரம்.
நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.
எண்ணூர் ஹைரோட்டில் எடைமேடை.
லோடு வண்டி ஏறும், நம்பர் ஆடி நிற்கும்.
காலி வண்டி ஏறும், நம்பர் ஆடி நிற்கும்.
கழித்தால் சரக்கு.
என்னைக் காலியாக நிறுத்திப் பார்க்க
ஒரு மேடை இல்லை.

கவர் வந்தது. பேனா.
அப்பாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு.
மார்புக்கு நூற்றுக்கு அறுபது எழுபது,
சினைப்பைக்கு நாற்பது வரை.
முட்டை எடுத்து வைப்பதுபோல்
ஒவ்வொரு எண்ணாக மேஜைமேல் வைத்தார் மேடம்.
சினைப்பையை நாற்பதுக்குள் எடுத்துவிடலாம்,
மார்புக்கு வருஷத்துக்கு ஒரு ஸ்கேன்,
யோசியுங்க, அவசரமில்ல,
ஆனா யோசியுங்க.
எனக்கு முப்பத்து மூன்று.
லாரிக்காரன் ஓவர்லோடு என்று தெரிந்த பிறகும்
ஸ்லிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.
நானும் பார்த்தேன்.

மின்ட் பஸ் ஸ்டாண்டில்
மூன்று பஸ்ஸை விட்டோம்.
ரெட்ட நான் போட்டுட்டேன், என்றார் அப்பா,
ஃபாலோ உங்க தலைல வுழுந்துச்சு.
ஃபாலோ போடலன்னா ரெட்டு திரும்ப நடுவுக்கு வந்துரும்பா.
ஏதோ சொல்லவேண்டுமே என்று சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
விரல் மட்டும் தொடைமேல்
இல்லாத ஸ்ட்ரைக்கரை
ஒருமுறை சுண்டியது.

அடுத்த ஞாயிறு தண்டையார்பேட்டையில் மஞ்சள் நீர்.
அம்மா மாம்பழக் கலர் புடவையை இஸ்திரி போட்டாள்.
முதல் பந்தியில், நடு இலையில் உட்கார்ந்தாள்.
வடை வந்தது. பாயாசம் வந்தது.
சேதி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.
இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று
எதிர் வரிசை முழுக்கக் குனிந்து சாப்பிட்டது.

இலையை மடித்துவிட்டுக் கேட்டாள்:
ஆண்டாளு பொண்ணுங்க ரெண்டு பேரு நம்பர்
யார்கிட்ட கீது?

மொய்க் கவரின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.
மண்டபத்து வாசலில், ஜெனரேட்டர் சத்தத்தில்,
ஒரு காதைப் பொத்திக்கொண்டு அடித்தாள்.
ஒன்று ஸ்விட்ச் ஆஃப்.
இன்னொன்றில் யாரு யாரு என்றது ஒரு குரல்.

எத்திராஜ் மாமா வீட்லேர்ந்து பேசறேன், என்றாள் அம்மா.
வேலையா இருந்தா சொல்லு.
அப்புறமா பண்றேன்.
கண்டிப்பா பண்றேன்.